ஷெனானிகன்ஸ் என்றால் சேட்டையா, தில்லுமுல்லா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்புகளிலும், ஓ.எம்.ஆர். பக்கத்து ஆபீஸ்களிலும், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுக்களிலும் ஷெனானிகன்ஸ் என்ற இந்த ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். மேலிருந்து படித்துக்கொண்டு வந்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

மேனேஜர் மெயில்ல "நோ ஷெனானிகன்ஸ் ப்ளீஸ்"னு போட்டிருக்கார். திட்டுறாரா, விளையாட்டா சொல்றாரா?

பாதிக்குப் பாதி. "வாலாட்டாம இருங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வதற்குச் சமம். டீம் அவுட்டிங் பற்றிய மெயிலில் வந்தால், பஸ்ஸில் ரகளை, நீச்சல் குளத்தில் ஆளைத் தள்ளிவிடுவது மாதிரி வேலையெல்லாம் வேண்டாம் என்று பொருள். டைம்ஷீட் பற்றிய மெயிலில் வந்தால், எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பத்து என்று போடாதே என்று பொருள்.

ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு அர்த்தம்: ஒன்று குறும்பு, இன்னொன்று மறைமுகத் தில்லுமுல்லு. எதுவானாலும் சொல்பவரின் குரல் கொஞ்சம் இளகித்தான் இருக்கும். நடந்த காரியத்தை ஒரு சுற்றுச் சின்னதாக்கிக் காட்டுவது இந்தச் சொல்லின் சுபாவம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நிறைய இடத்தில் தேவைப்படும்.

எப்படி உச்சரிக்கணும்? ஸ்பெல்லிங் ஒவ்வொரு தடவையும் தப்பாகுது.

நாம் தமிழில் "ஷெனானிகன்ஸ்" என்று எழுதினாலும், ஆங்கிலம் பேசுபவர் வாயில் அது "ஷி-நேன்-இ-கன்ஸ்" என்று வரும். அழுத்தம் இரண்டாவது அசையில், அதாவது "நேன்" மேல். முதல் அசையை லேசாகத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். "பேங்க்" என்று சொல்லும்போது வருகிற அந்த ஒலிதான் "நேன்"னில் வருவது. நடுவில் இருக்கும் ஜி எழுத்துக்கு "க" ஒலி. "ஷெனானிஜன்ஸ்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் விழிப்பார்.

ஸ்பெல்லிங்குக்குத் தமிழ்க்காரர்களுக்கென்றே ஒரு குறுக்குவழி இருக்கிறது. முதலில் "அவள்" என்பதற்கான ஷீ (எஸ், ஹெச், இ). அடுத்து நம் "நான்" (என், ஏ, என்). அதற்கடுத்து ஆங்கிலத்து நான், அதாவது ஐ. கடைசியில் "கன்ஸ்" (ஜி, ஏ, என், எஸ்). அவள், நான், மறுபடியும் நான், கன்ஸ். இரண்டு என் சேர்ந்து எங்கேயும் வராது, கடைசி அசையில் இ வராது. பெரும்பாலான தப்புகள் இந்த இரண்டு இடத்தில்தான்.

ஒரே ஒரு சேட்டைதான் பண்ணினான்னா "எ ஷெனானிகன்"னு சொல்லலாமா?

அகராதியில் ஒருமை இருக்கிறது. பேச்சில் அநேகமாக இல்லை. இன்று இது பன்மையாகவே புழங்குகிறது, அதனால் வினையும் பன்மை: "ஹிஸ் ஷெனானிகன்ஸ் ஆர்", "இஸ்" அல்ல. தமிழில் பத்துக் காரியம் செய்தாலும் "சேட்டை" என்று ஒருமையில்தான் சொல்வோம், அந்தப் பழக்கத்தில்தான் "ஹிஸ் ஷெனானிகன் இஸ் டூ மச்" என்று வாயில் வந்துவிடுகிறது. இந்தச் சொல்லுக்கு முன்னால் "மச்" சேராது; "சம்", "தீஸ்", "ஆல் தி" சேரும். ஒரே ஒரு காரியத்தைச் சுட்ட வேண்டுமானால் "எ ப்ராங்க்" அல்லது "எ ட்ரிக்" என்று போய்விடுங்கள்.

தமிழ்ல இதுக்குச் சரியான ஒரே வார்த்தை சொல்லுங்க.

ஒரே வார்த்தை கிடையாது, அது நம் மொழியின் குறையும் இல்லை. ஆங்கிலம் ஒரு சொல்லில் மூடி வைத்திருப்பதைத் தமிழ் யார் செய்தது, எதற்குச் செய்தது, எவ்வளவு சேதம் என்று பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறது. குழந்தை செய்தால் குறும்பு, சேட்டை, வால்தனம். நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தால் லூட்டி. காலேஜ் வயதில் கலாட்டா, அட்டகாசம், அலப்பறை. பெரியவர்கள் கள்ளத்தனமாகச் செய்தால் தில்லுமுல்லு, கோல்மால், தகிடுதத்தம். கட்சிக்குள்ளோ ஆபீஸுக்குள்ளோ காலை வாரிவிடுவதென்றால் உள்ளடி வேலை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க வெட்கமில்லாமல் நடந்தால் கூத்து: 2017 பிப்ரவரியில் கூவத்தூர் ரிசார்ட்டில் எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்டதைக் கூவத்தூர்க் கூத்து என்று ஜனங்கள் சொன்னார்களே, ஆங்கிலத்தில் "பொலிட்டிகல் ஷெனானிகன்ஸ்" என்பது ஏறக்குறைய அந்தத் தொனிதான்.

இதற்கும் மேலே பித்தலாட்டம், மோசடி, ஃபோர் ட்வென்டி என்று ஏறினால் ஷெனானிகன்ஸின் எல்லை முடிந்துவிட்டது. அங்கே அந்த ஆங்கிலச் சொல் பொருந்தாது.

எனவே எதிர்த்திசையில் ஒரு சோதனை செய்யலாம். நடந்ததைச் சொல்லும்போது தமிழில் முதலில் எந்தச் சொல் வாயில் வருகிறது? சேட்டை முதல் உள்ளடி வேலை, கூத்து வரை ஏதாவது வந்தால் ஷெனானிகன்ஸ் போடலாம். மோசடி, அத்துமீறல், அடாவடி என்று வந்தால் போடக்கூடாது. (ஒரு சின்னத் தகவல்: இந்தச் சேட்டை வடமொழிச் "சேஷ்டை"யிலிருந்து வந்தது, அங்கே அதற்கு அசைவு, செயல் என்றுதான் பொருள். பழைய பாடல்களில் மூதேவிக்குப் பெயராக வரும் சேட்டை "ஜ்யேஷ்டை"யிலிருந்து வந்த வேறு சொல். வீட்டில் பாட்டி இரண்டையும் சேர்த்துத் திட்டியிருக்க வாய்ப்புண்டு.)

"டூயிங் ஷெனானிகன்ஸ்"னு சொன்னா ஏதோ ஒட்டலையே?

"பண்ணுறான்" என்பதை அப்படியே கொண்டுபோனதால் ஒட்டவில்லை. அதிகம் புழங்குவது "அப் டு": "வாட் ஷெனானிகன்ஸ் ஆர் யூ அப் டு?" என்றால் "என்ன வேலை பார்த்துட்டிருக்கே?" என்று ஒரு கண்ணைச் சுருக்கிக் கேட்பது. "அப் டு ஹிஸ் யூஷுவல் ஷெனானிகன்ஸ்" என்றால் "வழக்கம்போல தன் வேலையைக் காட்டிட்டான்". அமெரிக்கர்கள் "புல்" என்ற வினையையும் சேர்ப்பார்கள், எழுத்தில் "என்கேஜ் இன்" வரும். இந்த மூன்று போதும்.

மங்கி பிசினஸ், ஹேங்கி பேங்கி, ஹை ஜிங்ஸ், ஸ்கல்டகரி... எல்லாம் ஒண்ணுதானே? எதை வேணா போடலாமா?

போடக்கூடாது. இதில் ஒன்று மாட்டிவிடும் ரகம். ஹேங்கி பேங்கி என்றால் நம் ஊர் ஆபீஸ்களில் பணத்தில் ஏதோ இடிக்கிறது என்ற அர்த்தத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். வெளிநாட்டுக்காரர் காதில் அது முதலில் ஆண்-பெண் விவகாரமாகத்தான் விழும். லண்டன் கிளையன்டிடம் "தேர் வாஸ் சம் ஹேங்கி பேங்கி இன் தி இன்வாய்ஸ்" என்று சொன்னால் மீட்டிங்கில் ஒரு விநோதமான அமைதி நிலவும்.

மங்கி பிசினஸ் நம் குரங்குச் சேட்டைக்குப் பக்கத்து வீடு. எண்ண முடியாத பெயர், பின்னால் எஸ் சேர்க்க முடியாது. ஹை ஜிங்ஸ் வெறும் கும்மாளம், கள்ளத்தனம் துளியும் கிடையாது. ஸ்காட்லாந்தில் குடிக்க உட்கார்ந்தவர்கள் பகடை உருட்டி, தோற்றவனை ஏதாவது செய்யச் சொல்லும் விளையாட்டின் பெயராக இருந்தது அது. டாம்ஃபூலரி கோமாளித்தனம். ஸ்கல்டகரி இதற்கெல்லாம் நேர் எதிர், சிரிப்பே இல்லாத சதிவேலை. மண்டையோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதுவும் ஸ்காட்லாந்துச் சொல் ஒன்றின் மருவல்தான்.

அம்பத்தூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: ஷாப் ஃப்ளோரில் ஓடிப் பிடிப்பது, ஏர் ஹோஸை ஒருத்தர் மேல் அடிப்பது, ஃபோர்க்லிஃப்ட்டில் தொற்றிக்கொண்டு போவது இவற்றுக்குப் பாதுகாப்பு விதிகளில் இருக்கும் சொல் ஹார்ஸ்ப்ளே. விபத்து அறிக்கையில் அதைத்தான் எழுத வேண்டும். அழுத்தக் காற்று கண்ணைக் கெடுக்கும், காதைக் கிழிக்கும். அதை ஷெனானிகன்ஸ் என்று எழுதுபவர் விபத்தையே விளையாட்டாக்கிவிடுகிறார்.

இது ஐரிஷ் வார்த்தைதானே? நரின்னு அர்த்தம்னு படிச்சேன்.

அது பல ஊகங்களில் ஒன்று. ஐரிஷ் மொழியில் "ஷின்னாக்" என்றால் நரி, நரித்தனம் செய்வதைக் குறிக்கும் வினையும் உண்டு, ஒலியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. தந்திரத்தைக் குறிக்கும் ஸ்பானிஷ் சொல் ஒன்றைச் சிலர் காட்டுகிறார்கள், ஜெர்மன் வட்டாரச் சொல் ஒன்றையும் காட்டுகிறார்கள். எதுவும் நிரூபணமாகவில்லை, நல்ல அகராதிகள் "மூலம் தெரியவில்லை" என்றே போடுகின்றன.

உறுதியானது ஒன்று உண்டு: அச்சில் இது முதலில் தலைகாட்டியது 1855இல், கலிஃபோர்னியாவில். தங்கம் தேடி உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் அங்கே குவிந்திருந்த காலம். அப்படிப்பட்ட கலவைச் சந்தையில் பிறந்த சொல்லுக்கு ஒரே தாய்வீடு தேடுவது, நம் "கோல்மால்" எந்தத் தெருவில் முதலில் சொல்லப்பட்டது என்று தேடுவதைப் போலத்தான்.

சி.ஏ. இன்டர் படிக்கிறேன். "அக்கவுண்டிங் ஷெனானிகன்ஸ்"னு சார் சொல்றார். அது மோசடின்னு அர்த்தமா? ரிப்போர்ட்ல எழுதலாமா?

மோசடிக்கு முந்தைய சாம்பல் நிற மேட்டைத்தான் பெரும்பாலும் அது குறிக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனி இயந்திரங்களைப் பழுது பார்க்க 50 லட்சம் ரூபாய் செலவழித்தது. அது அந்த வருடச் செலவாகவே போக வேண்டும். அப்படிப் போடாமல் "சொத்தின் மதிப்பைக் கூட்டியது" என்று சொத்தில் ஏற்றி, ஐந்து வருடத்துக்குத் தேய்மானம் போட்டால், இந்த வருடக் கணக்கில் செலவு 10 லட்சம்தான் தெரியும். வரிக்கு முந்தைய லாபம் 40 லட்சம் கூடிவிட்டது, ஒரு ரூபாய்கூட உள்ளே வராமலே.

இன்னொரு பழைய வேலை: மார்ச் கடைசி வாரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் கேட்காத சரக்கையெல்லாம் அவர் தலையில் கட்டி இன்வாய்ஸ் போட்டுவிடுவது. ஏப்ரல் பத்து தேதிக்குள் பாதிச் சரக்கு திரும்பி வந்துவிடும். மார்ச் 31ஆம் தேதி விற்பனையை மட்டும் பார்த்தால் எல்லாம் ஜோர். பிடிப்பது எளிது: ஏப்ரல் மாதத்து கிரெடிட் நோட்டுகளை (திரும்பி வந்த சரக்குக்குத் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டுகளை) எடுத்து மார்ச் இன்வாய்ஸ்களோடு பொருத்திப் பாருங்கள். சரக்கு வாங்கியவர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறியிருந்தால் அதுவே முதல் மணி.

வகுப்பிலும் முதலீட்டாளர் பேச்சிலும் இதையெல்லாம் ஷெனானிகன்ஸ் எனலாம். தணிக்கை அறிக்கையில் கூடாது. அங்கே "மிஸ்ஸ்டேட்மென்ட்", "ஃப்ராட்" என்று வரையறுத்த சொற்கள் உண்டு, அவற்றுக்குப் பின்விளைவும் உண்டு: 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 143(12) பிரிவின்படி, அதிகாரிகளோ ஊழியர்களோ செய்த மோசடி ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ என்று தணிக்கையாளர் நம்பக் காரணம் இருந்தால் மத்திய அரசுக்கே தெரிவிக்க வேண்டும். இல்லாத 5,040 கோடி ரூபாயைக் கையிருப்பாகவும் வங்கி இருப்பாகவும் காட்டியதாகத் தலைவரே 2009 ஜனவரி 7ஆம் தேதிக் கடிதத்தில் எழுதிய சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனி விவகாரத்தை யாராவது ஷெனானிகன்ஸ் என்றால், முதல் பதிலில் சொன்ன "சின்னதாக்கிக் காட்டும்" சுபாவம் எவ்வளவு விபரீதமானது என்று புரியும்.

ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு பொண்ணுகிட்ட தப்பா நடந்துக்கிட்டார். புகார்ல "ஷெனானிகன்ஸ்"னு நாகரிகமா எழுதலாம்னு சீனியர் சொல்றார். சரியா?

தவறு. அது நாகரிகம் இல்லை, நடந்ததைக் கரைத்துவிடுவது. தமிழ்ப் பத்திரிகைகள் "சில்மிஷம்" என்று போட்டுப் போட்டு எவ்வளவு பெரிய குற்றத்தையும் கிசுகிசு ஆக்கிவிட்டன. அதே வேலையை ஆங்கிலத்தில் செய்ய வேண்டாம். "ஈவ் டீசிங்" என்ற சொல்லுக்கும் இதுதான் நடந்தது. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு 1998இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே "ஈவ் டீசிங்" இருந்தது. பிற்பாடு அதை எடுத்துவிட்டு "பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும்" சட்டம் என்று மாற்றினார்கள். டீசிங் என்றதும் கேலி, கிண்டல் என்று மனசு லேசாகிவிடுகிறது.

எழுத வேண்டிய சொல் "செக்ஷுவல் ஹராஸ்மென்ட்". அதற்கும் மேலே, பெயர்ச்சொல்லைவிட விவரம் முக்கியம்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த மாடி, என்ன சொன்னார், எங்கே தொட்டார், யார் பார்த்தார்கள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும்; சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். புகாரின் ஆறு பிரதிகள், ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி இவை சேர வேண்டும். "ஹிஸ் ஷெனானிகன்ஸ்" என்று எழுதிய புகாரில் இதில் ஒன்றும் இருக்காது, விசாரணை நொண்டும்.

அப்போ "மிஸ்சிஃப்"னு எழுதினா சேஃப்தானே? அதுவும் சேட்டைதான்?

வீட்டில் சேட்டை, போலீஸ் ஸ்டேஷனில் இல்லை. நம் சட்டத்தில் மிஸ்சிஃப் ஒரு குற்றத்தின் பெயர்: நஷ்டம் விளைவிக்கும் எண்ணத்தோடோ, விளையும் என்று தெரிந்தோ ஒரு சொத்தை அழிப்பது அல்லது மதிப்புக் குறையும்படி கெடுப்பது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 425ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 324. பார்க்கிங் தகராறில் பக்கத்து ஃபிளாட்காரர் உங்கள் கார்க் கதவில் சாவியால் நீளமாக ஒரு கோடு இழுத்தால், அது மிஸ்சிஃப். அவர் உங்கள் கார்க் கண்ணாடித் தூசியில் விரலால் பல்லி படம் வரைந்தால், அது ஷெனானிகன்ஸ். பெயின்ட் போனதா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள தூரம்.

ஸ்கூல் டைரியில "கைண்ட்லி கன்ட்ரோல் யுவர் சன்ஸ் ஷெனானிகன்ஸ்"னு மிஸ் எழுதியிருக்காங்க. பயப்படணுமா?

மிஸ்பிஹேவியர், புல்லீயிங் என்று எழுதாமல் இந்தச் சொல்லை எழுதியிருப்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. பையன் வாலு, வில்லன் இல்லை என்று மிஸ் சொல்கிறார். ஆனால் எழுதி அனுப்பும் அளவுக்கு ஆகிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். சரியாக என்ன நடந்தது, எந்த பீரியடில் என்று கேட்டு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பதிலில் நீங்களும் "ஷெனானிகன்ஸ்" என்று போட வேண்டாம். ஆசிரியர் சொன்னால் பெருந்தன்மை, பெற்றோர் சொன்னால் "என் பிள்ளை அப்படித்தான்" என்பது போல் கேட்கும். "பிஹேவியர்" என்று எழுதினால் போதும்.

அமெரிக்கா கிளையன்ட் கால்ல திடீர்னு "ஐ கால் ஷெனானிகன்ஸ் ஆன் தட்"னார். கோபமா? எல்லாரும் சிரிச்சாங்க.

"இதெல்லாம் நம்புற மாதிரி இல்லையே, காது குத்தாதீங்க" என்று அர்த்தம். அமெரிக்கப் பேச்சுவழக்கு. மற்றவர்கள் சிரித்திருந்தால் அந்த நிமிடத்துக்குக் கோபம் இல்லை; ஆனால் நீங்கள் சொன்ன ஒரு எண்ணையோ தேதியையோ அவர் ஏற்கவில்லை என்பது நிஜம். சிரித்துவிட்டு விட்டுவிடக் கூடாது. "ஃபேர் இனஃப்" என்று ஆரம்பித்து, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உடனே காட்டுங்கள். அடுத்த முறை அவர் அதே விஷயத்துக்குச் சொல் மாற்றிப் போட்டால், ஷெனானிகன்ஸ் போய் "மிஸ்லீடிங்" வந்தால், அப்போதுதான் நிஜமான கோபம்.

சப்டைட்டில் வேலை பார்க்கிறேன். வில்லன் பண்ற ஷெனானிகன்ஸுக்கு "கேப்மாரித்தனம்"னு போட்டா மெட்ராஸ் பாஷை மாதிரி கெத்தா இருக்குமே?

இரண்டு காரணத்துக்காக வேண்டாம். ஒன்று, எடை பொருந்தாது. நான்காவது கேள்வியில் சொன்ன ஏணியில் அது ஷெனானிகன்ஸுக்கு ரொம்ப மேலே, திருட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது பெரிய காரணம். கேப்மாரி என்பது ஒரு சமூகத்தின் பெயர். வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்து, 1911இல் மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய சமூகங்களில் அதுவும் ஒன்று. சட்டம் 1952க்குள் நாடு முழுக்க ஒழிந்தது, சென்னைத் தெருப் பேச்சில் பெயர் மட்டும் வசவாகத் தங்கிவிட்டது. வில்லன் நகைச்சுவையாகச் செய்தால் "தில்லாலங்கடி வேலை", "டகால்டி வேலை" என்று போடுங்கள், மெட்ராஸ் வாசனையும் வரும், திரையில் இடமும் மிச்சம். நிஜமாகவே ஏமாற்றுகிறான் என்றால் பித்தலாட்டம் என்று போட்டுவிடுங்கள், பார்க்கிறவருக்கு ஒரு நொடியில் புரியும்.